என் கல்யாணத்து வாழ்த்துப்பா

போன வாரம் ஜொகூர் பாருவில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கிளம்பும்போது கையில் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தார்கள். சுற்றியிருந்தது மெல்லிய ரோஸ் தாள். நான் மிட்டாயை விட்டுவிட்டுத் தாளை முகர்ந்துகொண்டு நின்றேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

எங்கள் காலத்தில் கல்யாண வாழ்த்துப்பா அப்படிப்பட்ட தாளில்தான் அச்சாகி வரும். ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிக்க இன்னும் சில வருஷம் இருந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிதான் எங்களுக்குக் கவிராயர். விடிகாலைப் பெரட்டில், வேலையாட்களை வரிசையில் நிறுத்தி ஆள் பேர் கூப்பிடுகிறவரும் அவரே. கல்யாணமென்றால் அதே குரலில் வாழ்த்துப் பாடுவார். அவர் பாட்டில் மாறுகண் மாப்பிள்ளையும் மன்மதன்தான். என் வீட்டுக்காரர் ஓட்டிய ஓட்டை லாரியைத் தேர் என்று எழுதியிருந்தார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

வாழ்த்துக்கு ஒரு முறை உண்டு. தகப்பன் பேரும் ஊரும் சொல்லித்தான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் புகழவேண்டும். என் அப்பாவோ, நான் தவழும்போதே ஊருக்குப் போய்வருகிறேன் என்று கப்பலேறியவர். திரும்பவே இல்லை. பால்மரம் வெட்டிப் பாலெடுத்து என்னை ஆளாக்கியது அம்மாதான்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிராணியிடம் போனாள்.

"அய்யா, பாட்டுல எம் பேரப் போடுங்க."

"தாய் பேரு போடுற வழக்கம் இல்லம்மா. சபையில சிரிப்பாங்க."

"நெதம் பெரட்டுல கூப்புடுறீங்களே, யாரும் சிரிக்கலியே. அந்தாளு பேரப் போடுறதா இருந்தா பாட்டே வேணாங்க."

கிராணி கணக்குப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். வாழ்த்துப் படிக்காத கல்யாணமென்றால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருப்பார்களா?

தாலி கட்டி முடிந்ததும் கிராணி ரோஸ் தாளை விரித்தார். அம்மா பந்தலில் இல்லை. பின்னால் அடுப்படியில் சாம்பாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் பேர் வந்தது, ஊர் வந்தது. அடுத்து என் முறை. நான் தலையை நிமிர்த்தவில்லை. கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அஞ்சலை பெற்ற அருமை மகள்" என்று நீட்டிப் பாடினார்.

அடுப்படியிலிருந்து, "இருக்கேங்கய்யா" என்று குரல் வந்தது.

பெரட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சபை சிரித்துவிட்டது. கரண்டியும் கையுமாக ஓடிவந்த அம்மா திருதிருவென்று விழித்தாள். கிராணி மட்டும் சிரிக்கவில்லை.

"ஒக்காரும்மா. ஒன்னத்தான் பாடுறேன்."

அந்த அடியைத் திரும்பப் பாடினார். அம்மா உட்காரவில்லை, நின்றபடியே கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அந்தத் தாள் ஜப்பான்காரன் காலத்தில் போயிற்று. மற்ற அடிகள் எனக்கே மறந்துவிட்டன. இப்போது கல்யாண மண்டபங்களில் ஒலிபெருக்கி இருக்கிறது, வாழ்த்துப் பாடத்தான் ஆளில்லை. அம்மாவும் போய் வெகுகாலம் ஆயிற்று. சமீபத்தில் ஒருநாள் என் மகன் எதற்கோ தன் பாட்டியைப் பற்றி, "ஆயா பேரு என்னம்மா?" என்று கேட்டான்.

"அஞ்சலை" என்று உரக்கச் சொன்னேன். சொல்லிவிட்டு, அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தேன்.