மயிலாளின் மூக்குக்கண்ணாடி

மேசைக்கு அடியில் கைவிட்டு, வெட்டித் தள்ளிய பனியன் துண்டு ஒன்றை உருவி, ‘ஹா’ என்று வாயால் ஊதி, மயிலாள் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறாள். கையில் அகப்பட்ட துண்டு எதுவானாலும் சரி. கண்ணாடிக்கென்று தனித் துணி வைத்திருப்பவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு. “நம்மூர்ல துணிக்குங்களா பஞ்சம்?” என்பாள்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசை அவளுடையது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எண்ணெய்க்கறையோ பொத்தலோ அவளைத் தாண்டிப் பெட்டிக்குள் போனதில்லை.

ஆடி பிறந்ததும் எந்தத் துணியைப் பார்த்தாலும் மெல்லிய கோடுகள் தெரிந்தன. நல்ல டீசர்ட்டுகளை எல்லாம் கழித்துப் போட்டாள். சூப்பர்வைசர் சிவராஜ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஏனுங்கக்கா, இதுல கோடு எங்கீங்க இருக்குது?”

மயிலாள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்; கோடு அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. கண்புரைதான் என்று முடிவு கட்டிவிட்டாள். கண் போனால் செக்கிங் போச்சு. அப்புறம் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? வீட்டில் மூச்சு விடவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் எல்லாமே மங்கல், எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அழுக்காக இருக்குமோ என்று பற்பசை போட்டுத் தேய்த்தாள். கோட்டோடு புகையும் சேர்ந்துகொண்டது. அதையும் பாவம், கண்ணின் தலையிலேயே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பயந்து பயந்து கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஆரோக்கியராஜ் தூத்துக்குடிப் பக்கம். கண் பரிசோதனை படித்தவர். கருவியில் நெடுநேரம் பார்த்தார்.

“கண்ணுல ஒண்ணுமில்லம்மா. லென்ஸுதான் கீறிக் கெடக்கு. எத வச்சுத் தொடைக்கிய?”

கைப்பையில் இருந்த துண்டை நீட்டினாள். குழந்தைச் சட்டைக்கு ஜிகினா அச்சடித்த துணி. விரலால் தடவினால் மணலாய் நெருடியது. இத்தனை நாளும் லென்ஸை அவளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

“கண்ணு இல்லீங்களா? கண்ணாடிதானுங்களா?” திரும்பத் திரும்பக் கேட்டாள். போன உயிர் வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “நல்லாருப்பீங்க சாமி” என்று கும்பிட்டாள்.

புதன்கிழமை புது லென்ஸ் தயார். ஆரோக்கியராஜே மாட்டிவிட்டு, “எப்படித் தெரியுது, சொல்லுங்க” என்றார்.

மயிலாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். துணியில் பிழை இருக்குமிடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். ஒன்றை உரித்து, எட்டி, அவர் சட்டைப்பையின் ஓரத்தில் தையல் விட்டிருந்த இடத்தில் ஒட்டினாள்.