தூளியில் கிடந்த பிள்ளை

கொட்டகையில் விளக்கை அணைத்ததும் திரையில் ஓடுவதையெல்லாம் உண்மை என்று நம்புகிறீர்களே, அந்தப் படப்பெட்டி யாருக்குச் சொந்தம் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

இளம்பிள்ளை ஊர் ராசம்மாளும் கேட்டதில்லை. அவள் சேலை நெய்பவள். கோயிலைவிடச் சினிமாக் கொட்டகை மேல், அங்கே சாதி கேட்காமல் உட்கார இடம் தருகிறார்கள் என்பாள்.

போன தை மாதம் வீரபாகு என்ற சேலத்து வாலிபர் வந்து அவள் வீட்டைப் படம் பிடித்தார். அப்போது நூல் கிடைத்தது. தறி நிறையப் பாவு நூல். ராசம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி. ஆடியில் அவர் மறுபடி வந்தபோது நூல் கள்ளச்சந்தைக்குப் போயிருந்தது. வெறுந்தறியின் கட்டையில் தூளி கட்டி, அதில் பிள்ளை தூங்கியது. இரண்டையும் சேர்த்து, நூலில்லாமல் ஒரு குடும்பம் நொடித்த கதையைப் படமாக்கினார். சர்க்கார் பார்த்தால் ஊருக்கு நியாய விலை நூல் கடை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஆனால் காட்டுவதற்குக் கொட்டகை வேண்டுமே! சுற்றுவட்டாரக் கொட்டகைகளும், அவற்றுக்குப் படப்பெட்டி அனுப்பும் ஆபீசும் ஒரே கம்பெனியின் கையில். நூல் மில்லும் அந்தக் கம்பெனிக்கே சொந்தம். வேறு வழியில்லாமல் வீரபாகு படத்தை அவர்களுக்கே முழு உரிமையோடு எழுதிக் கொடுத்தார்.

கார்த்திகையில் நூல் கடை கேட்டு மனுக் கொடுக்கப் போனவர்களை அதிகாரி கடிந்துகொண்டார்: “உங்களுக்குத்தான் நூல் கிடைத்துவிட்டதே! படத்தில் பார்த்தேனே!”

ராசம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கணவன் அர்த்தநாரியோடு, படம் ஓடிய ஜலகண்டாபுரம் கொட்டகைக்கு நடந்தாள்.

திரையில் முதலில் வந்தது வெறுந்தறியும் தூளியும். “வறுமையில் வாடிய குடும்பம்” என்றது குரல். அடுத்து பாவு நிறைந்த தறி, சிரிக்கும் ராசம்மாள். “இன்று போதிய நூல் பெற்று மகிழ்கிறது!”

அர்த்தநாரி விழித்தான். “ஏம்புள்ள, நம்ம ஊட்டுக்கு எப்ப நூல் வந்துச்சு?”

ராசம்மாள் எழுந்து நின்றாள். “நிறுத்துங்க சாமி! தூளியில கெடந்த என்ற புள்ள மறுக்கா எப்படிங்க வவுத்துக்குள்ள போச்சு?”

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. “அது ரெண்டாவது புள்ளைங்களாக்கா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

“பெத்தது ஒண்ணுதானுங்க. இதா இருக்கான், பாத்துக்கங்க!” என்று பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். “வவுத்தோட இருக்கறது முந்தி எடுத்ததுங்க. வெட்டி, முன்னுக்குப் பின்னா ஒட்டியிருக்கறாங்க!”

சிரிப்பு நின்றது. மேனேஜர் ஓடிவந்தார். “உக்காரும்மா. படம் கம்பெனி சொத்து, எப்படி வேணா ஒட்டுவோம்.”

“படம் உங்க சொத்துங்க. எம்புள்ளயுமா?”

மறுநாள் பிள்ளையோடு ஊரே அதிகாரியிடம் போனது. அவர் பிள்ளையைப் பார்த்தார்; மனுவை வாங்கிக்கொண்டார். விசாரிப்பதாகச் சொன்னார், படத்தை நிறுத்தத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். விசாரணை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. ராசம்மாளின் தறி இன்னும் வெறுந்தறிதான். படமோ ஓமலூரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாளை அது உங்கள் ஊருக்கும் வரும். அப்போது முறுக்கு வாங்க வெளியே போய்விடாதீர்கள். எழுந்து நின்று, தூளியில் கிடந்த பிள்ளை எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.