மச்சானின் வேன் நடுங்காமல் ஓடிய நாட்கள்

பிள்ளைகளா, போன சனிக்கிழமை நீங்கள் பட்டறைக்கு வந்தபோது, ஆளில்லாத காரின் டிரைவர் சீட்டில் அரிசிப் பைகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். வளர்ந்து ஆளான பிறகும் சின்னவள் குறும்பாக, "அத்தா, அரிசி கார் ஓட்டுமா?" என்று கேட்டாள். பக்கத்தில் தவுக்கே நின்றதால் நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், மலேசியாவில் சீன முதலாளியைத் தவுக்கே என்பார்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத உட்கார்ந்தால் கோர்வையாக வராது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லாதது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கார் ஒரு பல் டாக்டருடையது. வாரம் முழுக்கப் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் ரேஸ் ஓட்டுவார். பந்தயத்துக்கு முன்னால் காரின் நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு தராசு வைப்போம். டாக்டர் எம்புட்டு எடையோ அம்புட்டுக்கு அரிசியை அவருடைய சீட்டில் ஏற்றுவோம். பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சுருள் ஸ்பிரிங்கைத் திருகித் திருகி ஏற்றி இறக்குவோம். கட்டிலில் ஒரு கால் குட்டையானால் எதிர்மூலைக் காலும் சேர்ந்து ஆடுமே, அதே கணக்குத்தான். ஒரு மூலையைத் தொட்டால் எதிர்மூலையின் எடை மாறும். மூலைக்கு மூலை சமமாக நின்றால்தான் வளைவில் இடதும் வலதும் ஒரே மாதிரி திரும்பும். டயரின் தலைப்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்து நிற்கும்படியும் வைப்போம், வளைவில் கார் சரியும்போது டயர் முழுசாகத் தரையில் பதிய வேண்டும் என்பதற்காக. ஓடிவிட்டு வந்ததும் டயர் ரப்பரில் வெப்பமானி ஊசியைக் குத்திச் சூடு பார்ப்போம். உள் ஓரம் அதிகமாகச் சுட்டால் சாய்வைக் குறைப்போம், நடுப்பக்கம் சுட்டால் காற்றைக் குறைப்போம். இரண்டு மூன்று பந்தயம் முடிந்ததும் அந்த டயர்களைக் கழற்றிப் பின்பக்கம் எறிந்துவிடுவோம். எறிகிற ஒவ்வொரு டயருக்கும் என் கை செத்த நேரம் தயங்கும். இன்றைக்கும் அப்படித்தான்.

நான் இங்கே சேர்ந்த புதிதில் நடந்தது ஒன்று. தவுக்கே ஒரு காரைக் காட்டி ஸ்பிரிங் மாற்றச் சொன்னார். அப்போது எனக்கு மலாய் அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாகக் கிடையாது. நான் என் அறிவுக்கு எட்டியபடி இருக்கிறதிலேயே கெட்டியான ஸ்பிரிங்காகப் பார்த்துப் பின்னால் மாட்டிவிட்டேன். அவர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் பயந்துபோய், "பின்னால ஆள் உட்கார வேண்டாமா? வீட்டுக்காரங்க, பிள்ளைங்க?" என்று கையைக் காலை ஆட்டிக் கேட்டேன். அவர் ஒரு விரலைத் தூக்கி, "சத்து ஓராங் சாஜா!" என்று கத்தினார். ஒரே ஒரு ஆள்தான் என்று அர்த்தம். பிறகு சைகையிலேயே ஒரு கிழவியை நடித்துக் காட்டி, மாமியாருக்கு இதில் இடமில்லை என்றார். பட்டறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு மனுசனுக்காக ஒரு வண்டி இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஏனென்றால் நான் வந்த இடம் அப்படி. எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டு ஓரம் ஒரு கமான் பட்டறையில் வேலை பார்த்தேன். லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இரும்புப் பட்டை இருக்கும், அதைத்தான் கமான் என்போம். பஞ்சுப் பொதி ஏற்றுகிற லாரியெல்லாம் எங்களிடம்தான் வரும். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்று: "இன்னும் ஒரு பட்டை சேத்துப் போடுங்க, ரெண்டு பொதி கூட ஏத்தணும்." வண்டி எப்படித் திரும்புது, எப்படி நிக்குது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. டயர் தேய்ந்தால் மேலே புது ரப்பர் ஒட்டி ரீபட்டன் அடிப்பார்கள். அதுவும் தேய்ந்தால் திரும்ப ஒரு தடவை. உள்ளே இருக்கும் நூல் வெளியே எட்டிப் பார்த்தால்தான் டயர் மாற்றுகிற பேச்சே வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் லீவில் ஊருக்குப் போனேன். நீங்கள் இரண்டு பேரும் அப்போது ரொம்பச் சின்னப் பிள்ளைகள், அம்மாவோடு இங்கேயே இருந்தீர்கள். என் அக்கா மாப்பிள்ளை காதர் மச்சான், உங்களுக்கு மாமா, சொந்தமாக ஒரு வேன் வைத்திருந்தார். வன்னியம்பட்டிப் பக்கத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பெண்களை ஏற்றி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு ஷிப்டுக்குக் கொண்டுவந்து விடுவார். பழைய டீசல் வேன். வேகம் கொஞ்சம் கூடினால் ஸ்டீரிங் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும். மச்சானும் கூடவே நடுங்கிக்கொண்டு ஓட்டுவார்.

நான் போய் இறங்கிய மறுநாளே மச்சான் ஆரம்பித்துவிட்டார். "மலேசியாவுல ரேஸ் காருக்கெல்லாம் வைத்தியம் பாக்குற மாப்ள, இந்தக் கிழட்டுக் கழுதையையும் செத்தத் தொட்டுப் பாக்கக் கூடாதா?"

அக்கா அடுப்படியிலிருந்து, "லீவுல வந்த பிள்ளையப் போட்டு ஏன் பாடாப் படுத்துதிய?" என்றாள்.

"ஒன் தம்பி கை அழுக்காகாம இருந்தா அவனுக்குத்தான் தூக்கம் வராது. கேட்டுப் பாரு."

எனக்குப் பெருமைதான். எனக்குத் தெரிந்ததைக் காட்ட ஊரில் ஒரு வண்டி கிடைத்ததே என்று குனிந்துவிட்டேன். மில்லிலிருந்து கழிவு நூல் வாங்கி, வேனின் இரண்டு பக்கமும் சக்கரத்தை ஒட்டி நீளமாக இழுத்துக் கட்டி, முன்சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். ரேஸ் காருக்கும் இப்படி நூல் பிடித்துத்தான் பார்ப்போம். தெருவில் போனவர்கள், "என்ன காதர் பாய், வேனுக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உடைந்த கமான் பட்டையை மாற்றினேன். தேய்ந்த ஜாயிண்டுகளுக்குப் புதுசு போட்டேன். கடைசியாகச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, கனமான பக்கம் கீழே வந்து நிற்பதைப் பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் ஈயத் துண்டு ஒட்டிச் சமன்படுத்தினேன். பசை தடவிய அந்த ஈயத் துண்டுகளை நான்தான் மலேசியாவிலிருந்து பெட்டியில் கொண்டுபோயிருந்தேன்.

வேன் நடுங்கவில்லை. எந்த வேகத்திலும் நடுங்கவில்லை. மச்சான் ஸ்டீரிங்கை விட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். மில் கேட்டில் நின்றவர்கள் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த வாரமே மச்சானுக்கு இன்னொரு டிரிப்பு கிடைத்தது. முன்னே இருந்த வேகத்துக்கு இரண்டு டிரிப்புதான் முடியும், இப்போது மூன்று அடிக்கலாம். அக்கா அந்த மூன்றாவது டிரிப்பை நம்பி ஒழுகுகிற ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போடுவது பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

ஒருநாள் காலை ஷிப்டுக்கு நானும் வேனில் ஏறிக்கொண்டேன். என் வேலையை நானே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. வன்னியம்பட்டி தாண்டியதும் மச்சான் மிதித்தார். வண்டி அம்சமாகப் போனது. வளைவில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. மச்சான் ஹாரனை அமுக்கிக்கொண்டே ரோட்டை விட்டு இறங்கி, வேகம் குறையாமல் திரும்ப ஏறினார். இருந்ததெல்லாம் ரீபட்டன் டயர். உள்ளே பதினெட்டுப் பேருக்கு மேல். முன்னால் இருந்த வயசுப் பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். என் பக்கத்தில் தூக்குச்சட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த ஒரு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, நீங்கதான வண்டியச் சரி பண்ணுனிய? முன்னயெல்லாம் ஏறி ஒக்காந்ததும் செத்தக் கண் அசருவோம். நைட்டுப் பூரா வீட்டு வேலைல்ல? இப்பம் கண்ண மூட முடியல."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே இறங்கி நடந்து போகலாமா என்று இருந்தது.

டிராக்கில் டாக்டர் அந்த வேகத்தில் போவார் என்றால், அவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். ரோட்டு ஓரம் சறுக்கி விழ மணல் கொட்டியிருக்கும். எதிரே வண்டி வராது, ஆடு வராது. ஆம்புலன்ஸ் என்ஜினைப் போட்டுக்கொண்டே காத்திருக்கும். வேகத்தை மட்டும் நான் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். மணலையும் ஹெல்மெட்டையும் கொண்டுவர முடியவில்லை.

அன்று சாயங்காலம் மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், செத்த மெதுவாப் போங்க. அந்தப் பொம்பளைய பயப்படுதாக."

"யாரு பயந்தா? எல்லாரும் ஏரோப்ளேன்ல போற மாதிரி இருக்குங்காக."

"டயரு ரீபட்டன், மச்சான். அது இந்த வேகத்துக்குத் தாங்காது."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மாப்ள, நான் வேணும்னா வேகமாப் போறேன்? முன்னயெல்லாம் வண்டியே சொல்லும், போதும்டா காதருன்னு. ஸ்டீரிங்கு கையப் புடிச்சு உலுக்கும், நானும் காலை எடுத்துருவேன். இப்பம் அது ஒண்ணுமே சொல்லல, எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அக்கா, "தளம் போட்டதும் நீ வந்து மாடியில படுக்கலாம்டா" என்று மீன் வைத்துக்கொண்டே இருந்தாள்.

இதற்கு மேல் நடந்ததில் பாதி உங்களுக்கே தெரியும். மாமா போனில் பேசும்போதெல்லாம், "ஒங்க அத்தா பாத்த வேலை ஒரு மாசம் நிக்கல, அவன நம்பி ரேஸ் காரக் குடுக்கானுவளே, அவனுவளச் சொல்லணும்" என்று உங்களிடம் கிண்டலடிப்பார். நீங்களும் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன். மூன்றாவது டிரிப்பு நின்றுவிட்டது. அக்கா வீட்டுக்குத் தளம் போட ரொம்ப வருசம் ஆனது. மழைக்காலத்தில் அவள் போனில், "இங்க நல்ல மழைடா" என்று சொல்வாள், அதற்கு மேல் சொல்ல மாட்டாள். எனக்குத்தான் அந்த ஓட்டுக்குக் கீழே அவள் எங்கெங்கே பாத்திரம் வைத்திருப்பாள் என்று தெரியுமே. அந்தப் பக்கமும் குற்றம், இந்தப் பக்கமும் குற்றம். ஆனால் அந்த வேனில் வந்த ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமா மறுபடியும் நடுங்கிக்கொண்டே ஓட்டினார், வயசாகி வண்டியை விற்கிறவரைக்கும்.

நான் கிளம்புகிற அன்று மதுரை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மச்சான் முதல் டிரிப்பை முடித்துவிட்டு உள்ளே படுத்திருந்தார். அக்கா பால்கோவா வாங்கி வரப் போயிருந்தாள். ஏரோப்ளேனுக்கு என்று தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையோடு தெருவில் வேனுக்கு முன்னால் குந்தினேன். வலது பக்க முன்சக்கரத்தில் நான் ஒட்டிய ஈயத் துண்டுகளைக் குறட்டால் நெம்பி எடுத்துச் சாக்கடையில் போட்டேன். வேறு எதையும் தொடவில்லை. நூல் பிடித்துப் பார்த்தது, கமான், ஜாயிண்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். ஈயம் இருந்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரிந்தது. யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். தெருவிலிருந்து கொஞ்சம் செம்மண்ணை அள்ளி, எச்சிலைத் தொட்டு, மற்ற இரும்போடு சேர்ந்து ஒரே நிறம் ஆகும்வரைக்கும் அதன்மேல் கட்டைவிரலால் தேய்த்தேன்.