பல் டாக்டரின் அபிப்பிராயங்கள்

பல் டாக்டருக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதைக் கேட்க ஆளும் இருந்தது. செருப்புக் கடைக்கு மேலே, மாடியில், ஒற்றை நாற்காலி போட்ட அறைதான் அவருடைய க்ளினிக். இருபத்தாறு வருடமாக அந்த நாற்காலியில் வந்து சாய்ந்தவர்கள் எல்லோரும், கன்னத்துக்குள் பஞ்சும் நாக்கின்மேல் கண்ணாடியுமாக, வாயைப் பிளந்தபடி அவர் சொல்வதைக் கேட்டார்கள்.

"புள்ளைங்கள அடிக்காம வளத்தா உருப்படுமா? நீங்களே சொல்லுங்க."

"ஆ" என்று ஒரு சத்தம் வரும்.

"அதான். நீங்க விஷயம் தெரிஞ்சவங்க" என்று டாக்டர் அடுத்த பல்லுக்கும் அடுத்த விஷயத்துக்கும் போவார்.

வீட்டில் இந்தப் பருப்பு வேகாது. "எல்லையில சண்ட போடணுமா வேணாமான்னு அப்புறம் முடிவு பண்ணலாம், மொதல்ல குளியலறை பல்ப மாத்துங்க" என்பாள் மனைவி. மகள் சாப்பாட்டு மேசையில் உட்காரும்போதே காதில் எதையோ மாட்டிக்கொண்டு வருவாள். ஆகவே யார் நாட்டை ஆள வேண்டும், எல்லையில் எத்தனை குண்டு போடலாம், கடவுள் எந்தப் பாவத்தை மன்னிப்பார் என்பதெல்லாம் மாடியறையில்தான் முடிவாயிற்று. எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழுந்ததில்லை.

கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. ஊசி போட்டால் போட்டதே தெரியாது. பேச்சும் அந்த நல்ல மனசிலிருந்து கிளம்பியதுதான். கைப்பிடியை இறுக்கிக்கொண்டு விறைத்துக் கிடப்பவர்களின் கவனத்தைத் திருப்ப, ஆரம்பத்தில் மழையையும் வெயிலையும் பற்றிப் பேசினார். மழையையும் வெயிலையும் பற்றி ஒரு மனிதன் எத்தனை வருடம் பேச முடியும்?

எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்பவள் சிஸ்டர். பதினான்கு வருட வேலை. டாக்டர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாய் மட்டும் தெரியும். சிஸ்டர் நிற்கும் இடத்திலிருந்து கண்ணும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை காலை, முதல் ஆளாக ஒரு பெயிண்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும். நகக்கண்ணில் வெளிர்நீலம் காய்ந்து கிடந்தது. மேல்வரிசையில் இரண்டு முன்பற்கள் பாதியில் முறிந்திருந்தன. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் தோளைத் தட்டிச் சாயச் சொல்லி, விளக்கை இழுத்து முகத்துக்கு நேரே வைத்தார். அன்றைய பேப்பரின் சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"பேப்பர் பாத்தீங்களா? எவனையோ ஸ்டேஷன்ல அடிச்சுட்டாங்கன்னு ஒரே கூப்பாடு. அடிக்காம மடியில போட்டுத் தாலாட்டுவாங்களா? நெருப்பில்லாம பொகையுமா? தப்பு பண்ணாதவன போலீஸ் எதுக்குங்க தொடப்போகுது? நாலு தட்டு தட்டுனாத்தான் உண்மை வரும். அடி வாங்கினவன் சொல்றதையெல்லாம் நம்பினா நாடு உருப்பட்ட மாதிரிதான்." கையுறையை மாட்டிக்கொண்டார். "சரி, உங்களுக்கு எப்படி ஆச்சு?"

பெயிண்டர் விளக்கிலிருந்து கண்ணை விலக்கிக்கொண்டார்.

"படியில விழுந்துட்டேன் சார்."

டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். படியில் குப்புற விழுந்தவனுக்கு மூக்கு சிராய்த்திருக்கும், முகவாய் தோல் போயிருக்கும், ஊன்றிய உள்ளங்கை கிழிந்திருக்கும். இவரிடம் அது ஒன்றுமே இல்லை. உதட்டின் உட்புறம் மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. தாடையின் இரண்டு பக்கமும், யாரோ அழுத்திப் பிடித்ததுபோல், விரல் அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணம் நின்றதைத்தான் பின்னால் அவர் பலமுறை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு, 'படியில் தவறி விழுந்ததாகச் சொன்னார்' என்று அவருடைய சிகிச்சைக் கார்டில் எழுதினார். முறிந்த முனைகளை ராவி மழுக்கி, வலிக்கு மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்ததும் வாருங்கள் என்று அனுப்பினார். பெயிண்டர் திரும்பி வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி வந்தாள். நாற்காலியில் உட்காராமல், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றே பேசினாள்.

பெயிண்டர் வேலை பார்த்த வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போயிருக்கிறது. போலீஸ்காரர்கள் இவரைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஓர் இரவு வைத்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் அதே வீட்டுத் துணி துவைக்கும் மெஷினுக்குள், ஒரு சட்டைப் பையில், சங்கிலி கிடைத்துவிட்டது. போகலாம் என்றார்கள். அங்கிருந்து நேராக இந்த மாடிக்குத்தான் வந்திருக்கிறார். பிறகு மனைவி விடாப்பிடியாக நின்று புகார் கொடுக்க வைத்தாள். திங்கட்கிழமை விசாரணை.

"அவரே படியில விழுந்துட்டாருன்னு சொல்றாங்க சார். அதுக்கு உங்க கார்டத்தான் காட்டுறாங்க. டாக்டர்கிட்டயே அப்படித்தான சொல்லியிருக்கான்னு கேக்குறாங்க."

ஸ்டேஷனிலிருந்து கேட்டதற்குக் கார்டின் நகலுக்கு முத்திரை வைத்து அனுப்பியது டாக்டருக்கு நினைவு வந்தது. வழக்கமான கடிதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"என்கிட்ட ஏம்மா மாத்திச் சொன்னாரு? உள்ளத உள்ளபடி சொல்லியிருந்தா எழுதியிருப்பேனே."

அவள் தரையைப் பார்த்தாள். "சொல்லத்தான் சார் வந்தாரு. நீங்க ஏதோ பேசினீங்களாமே. இவரும் நம்பப்போறதில்லைன்னு விட்டுட்டாராம்."

"நான் என்ன பேசினேன்?"

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே நினைவில்லை. சிஸ்டர் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தாமல், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், நெருப்பில்லாம பொகையுமா என்பதிலிருந்து நாடு உருப்பட்ட மாதிரிதான் என்பதுவரை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள்.

டாக்டருக்குக் காது மடல் சுட்டது. "அப்படியேவா சொன்னேன்?"

"அப்படியேதான் டாக்டர். வாரத்துக்கு ரெண்டு தடவயாவது வரும். எனக்கு மனப்பாடம்."

"வேற யாருகிட்ட, வேற என்ன..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. ஆனால் சிஸ்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

"வேர் சிகிச்சைய பாதியில விட்டுட்டுப் போனாங்களே ஒரு டீச்சர். பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சீங்க. வேற மதத்துல கட்டுனா அந்தக் குடும்பத்துக்குக் கடவுளே தொணையிருக்க மாட்டாருன்னு அன்னைக்கு அவங்ககிட்ட சொன்னீங்க. அவங்களுக்கு அடுத்த மாசம் அப்படி ஒரு கல்யாணம்தான் நிச்சயமாகியிருந்துச்சு. அப்புறம் அந்தத் தபால்காரர். அப்பப்ப ஒரு யுத்தம் வந்தாத்தான் நாட்டுக்கு முறுக்கு ஏறும்னீங்க. அவரு மகன் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பல. கண்ணுல தண்ணி வந்துச்சு. வலிக்குதான்னு கேட்டு இன்னொரு ஊசி போட்டீங்க."

கீழே செருப்புக் கடையில் யாரோ ஒரு காலை மட்டும் மாட்டிக்கொண்டு தட்டித் தட்டி நடந்து பார்த்தார்கள்.

"இத்தன வருஷத்துல நீங்க என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"எப்ப டாக்டர் சொல்றது? நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க."

பெயிண்டரின் மனைவிக்கு உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவள் அதைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டது டாக்டரை இன்னும் சின்ன ஆளாக்கியது.

அவர் உட்கார்ந்து விசாரணை அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். காயத்தைப் பற்றிய பகுதி மளமளவென்று வந்தது. சிராய்ப்பு இல்லை, உள்ளுதட்டில் வெட்டு, தாடையில் விரல் தடங்கள், விழுந்ததால் ஏற்பட்ட முறிவாகத் தோன்றவில்லை. அப்படியானால் கார்டில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது? பேனா அங்கே முரண்டு பிடித்தது. 'அன்றைய சூழ்நிலை காரணமாக நோயாளி உண்மையைச் சொல்லத் தயங்கினார்' என்று எழுதி நீட்டினார்.

அவள் மெதுவாகப் படித்தாள். "சூழ்நிலைன்னா என்ன சார்?"

டாக்டர் தாளை வாங்கிக் கிழித்தார். புதுத் தாள் எடுத்தார். "சிஸ்டர், நான் சொன்னத மறுபடி சொல்லுங்க. மெதுவா."

சிஸ்டர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் குனிந்து எழுதிக்கொண்டார். பேசும்போது பாறைபோல் இருந்த வாக்கியங்கள் தாளில் அழுக்குத் துணிபோல் கிடந்தன. 'தாலாட்டுவாங்களா' வரும்போது, "அதையும் எழுதணுமா?" என்றார். சிஸ்டர் அதே வரியை மறுபடி சொன்னாள். எழுதினார்.

"இத அங்க எல்லார் முன்னாடியும் படிப்பாங்களா சார்?" என்று கேட்டாள் பெயிண்டரின் மனைவி.

"படிப்பாங்க."

"நீங்களும் வருவீங்கள்ல?"

திங்கட்கிழமை மூன்று பேருக்குப் பல் செட் அளவெடுக்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "வரேம்மா" என்றார்.

திங்கட்கிழமை, விசாரணை நடந்த நீளமான அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, ஒரு வயதான பெண்மணி. ஒரு சுவரோரம் இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும். எதிர்ச் சுவரோரம் பெயிண்டரும் மனைவியும். பெயிண்டர் வாயைக் கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா கடிதத்தைச் சந்தைக்கடைக் கணக்குப்போல் கடகடவென்று வாசித்தார். 'மடியில போட்டுத் தாலாட்டுவாங்களா' வந்ததும் காவலர்களில் ஒருவர் புசுக்கென்று சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"டாக்டர் சார் கரெக்டாத்தான் சொல்லியிருக்காரு. படிச்சவங்களுக்குப் புரியுது."

இருபத்தாறு வருடத்தில், வாயில் பஞ்சு இல்லாத ஒரு மனிதன் அவர் சொன்னதை முழுமனதோடு ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. டாக்டருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், இப்பவும் உங்க அபிப்பிராயம் இதுதானா?"

"இல்லம்மா." டாக்டர் எழுந்து நின்றார். "அது ஊசி போடுறப்ப பேசுற பேச்சு. நான் பாத்தது வேற. விழுந்த காயம் இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் எழுதல?"

டாக்டர் மேசையில் கிடந்த கார்டின் நகலைப் பார்த்தார்.

"எழுதினா நான் பேசினது தப்புன்னு ஆயிடும். அதனால எழுதல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி கார்டின் நகலை எடுத்து, படியில் விழுந்தது என்ற வரியின் ஓரத்தில் 'ஏற்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். காவலர்கள் பக்கம் திரும்பி, அன்றிரவு பணியில் இருந்தவர்களின் பட்டியலைக் கேட்டார்.

வெளியே வராந்தாவில் டாக்டர் பெயிண்டரிடம் போனார். "நாளைக்கே வாங்க. ரெண்டு பல்லையும் கட்டிடலாம். நான் வாயே தொறக்க மாட்டேன்."

பெயிண்டர் வாயிலிருந்து கையை எடுக்காமலே பேசினார். இடைவெளியில் காற்று போய்ச் சொற்கள் வழுக்கின.

"கோவமெல்லாம் இல்ல சார். நீங்க வந்து இவ்வளவு சொன்னதே பெரிசு. ஆனா அந்த நாற்காலியில மறுபடி வாயத் தொறந்துக்கிட்டுப் படுக்க என்னால முடியாது. வேற எடத்துல கட்டிக்கிறேன்."

டாக்டர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டொன்றை எடுத்து, சுவரில் வைத்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் இன்னொரு பல் டாக்டரின் முகவரியை எழுதினார்.

"என்னைவிட நல்லா கட்டுவாரு" என்று பெயிண்டரின் மனைவியிடம் நீட்டினார். "அதிகம் பேசவும் மாட்டாரு."