முருகையாவின் இடது கை

பாடாங் செராயிலிருந்து கூலிம் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேனைப் பத்தொன்பது வருடமாக முருகையாதான் ஓட்டுகிறார். யார் வீட்டு நாய் துரத்தும், யாருக்குக் கடைசி நிமிடத்தில்தான் சீப்பு கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெண்களும் அவரை விட்டுவைப்பதில்லை. “அண்ணே, மாட்டு வண்டிகூட நம்மள முந்திருச்சுலா!” என்று பின்னாலிருந்து கத்துவார்கள். அவர் சிரித்துக்கொள்வார்.

மனைவி குணவதி இறந்து பத்து மாதமாகிறது. அவளும் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தாள். காரியம் முடிந்த நான்காம் நாளே அவர் வேனை எடுத்துவிட்டார். அவளைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. “மனுசன் கல்லு” என்று சொந்தக்காரர்கள் சொன்னது அவர் காதுக்கும் வந்தது.

திங்கட்கிழமை பாலிங்கிலிருந்து வந்த நளினி புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். பின்னால் இடமில்லை. முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். செம்பனைத் தோட்டத்து வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய, முருகையா பிரேக்கை அழுத்தினார். அதே நொடியில் அவருடைய இடது கை நீண்டு, நளினியின் மார்புக்குக் குறுக்கே அழுந்தி நின்றது.

“ஏய்! கைய எடுங்க!”

கையை இழுத்துக்கொண்டார். வேன் சாலையோரம் நின்றது. 

“வண்டி ஓட்டுறீங்களா, வேற ஏதும் செய்றீங்களா?” நளினி கதவோரமாக ஒதுங்கிக்கொண்டாள். “நான் ஆபீஸ்ல சொல்றேன்!”

வாசுகி, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இந்த வேனில் போகிறவள், முன்னால் குனிந்தாள். “என்னாண்ணே இது? வாயத் தொறந்து சொல்லுங்க.”

இந்த வயதில் இப்படி ஒரு பெயரா?  ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

“குணா அங்கதான் உக்காருவா. பெல்ட் போடச் சொன்னா நெஞ்ச அறுக்குதும்பா. பிரேக் போட்டா போயி முட்டிக்குவா. அதனால கைய வச்சுத் தடுப்பேன்... அவ செத்துட்டாம்மா. எனக்குத் தெரியும். கை தானா போயிருச்சு.”

செத்துட்டா. அந்தச் சொல்லை அவர் வாய் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னது.  

 நளினி பெல்ட்டை இழுத்து மாட்டினாள். “எனக்குத் தெரியாது அங்கிள். போட்டுட்டேன். ஓட்டுங்க.”

அலுவலகத்துக்குப் புகார் எதுவும் போகவில்லை. அவர் பெயருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

மறுநாள் காலை, பின்னால் இருவர் சீட்டில் மூவராக நெருக்கிக்கொண்டு நளினிக்கு இடம் செய்தார்கள்.

“முன்னால காலியாத்தானே இருக்கு?” என்றார் முருகையா.

“வேணாண்ணே,” என்றாள் வாசுகி, கோயிலில் பேசுகிற குரலில். “அது அக்கா எடம்.”

யாராவது உட்காரட்டும் என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் வண்டியைக் கிளப்பிவிட்டார். கூலிம் போய்ச் சேரும் வரை வேனில் ஒருத்திகூட அவரைக் கேலி செய்யவில்லை.