ஆனந்தனின் காந்தமும் மாமியாரின் கல்லும்

ஆனந்தன் விடிவதற்குள் கே.ஜி.எஃப். மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் என்.எம்.ஆர். கருவி அவர் பொறுப்பு. மாணவர்கள் தாங்கள் செய்த பொடியைத் திரவத்தில் கரைத்து, பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில் தருவார்கள். அதைப் பெரிய காந்தத்துக்குள் இறக்கினால் திரையில் கோடு கோடாக எழும்பும். மூலக்கூறில் எந்த அணுவுக்குப் பக்கத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

இதை அவர் ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் ஸ்கெலட்டன் கொட்டகையில் ஒருதரம் விளக்கியதுதான் வினை. உள்ளே இருப்பதைக் காட்டும் மிஷின் என்பது மட்டும் ஊர்க் காதில் விழுந்தது. தங்கம் இருக்கிறது என்று நம்பி ஒரு கல்லையாவது பத்திரப்படுத்தாத வீடு தங்கச் சுரங்கம் இருந்த கே.ஜி.எஃப்.பில் ஏது? மாமியார் ஜெயம்மாவின் கல் புத்தர் படத்துக்குப் பின்னால் இருந்தது. அவர் கணவர் சுரங்கத்து கேட் சோதனைக்குத் தப்பிக் கொண்டுவந்தது. அதை மிஷினில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

“கல்லு கரையாதுங்க அத்தை. இந்த மிஷின்ல தங்கம் தெரியாது” என்று ஆனந்தன் சொன்ன நாளிலிருந்து ஜெயம்மா அவரோடு பேசுவதில்லை. எதிரிலேயே நின்றாலும் மகளிடம், “யசோதா, உங்க வூட்டுக்காரருக்கு சோறு வேணுமான்னு கேளு” என்பார். ஒன்றரை வருஷமாக இதே கதை. மனுஷர் நொந்துபோனார்.

காந்த அறைக்கு இரும்பு ஆகாது. அதனால் அவர் டிபன் பாக்ஸ்கூட பிளாஸ்டிக்தான். நெரிசல் ரயிலில் வந்த பழக்கம், அறைக்குள்ளும் பை தோளைவிட்டு இறங்காது. மனைவி யசோதா ஒருநாள் அந்தப் பையின் அடியில் சொல்லாமல் கல்லை வைத்துவிட்டாள். கரையாவிட்டால் போகிறது, மிஷின் பக்கத்திலாவது போய்வரட்டுமே என்று.

ஆனந்தன் காந்தத்தின் அருகே குனிந்ததும் பை அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டது. புளிச்சோறு நசுங்கியது. இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்த, ஆய்வுக்கூடத்து ராதிகா மேடத்தின் அளவீட்டில் கோடுகள் எல்லாம் வீங்கிப்போயின. மேடம் வந்து பார்த்தபோது ஆனந்தன் கையில் கல் இருந்தது.

“இது என்ன?”

“எங்க மாமியார் சொத்துங்க மேடம்.”

எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டச் சொன்னார் மேடம். சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது.

திட்டு வாங்கினாலும் ஆனந்தனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். காந்தம் இழுத்ததே, கல்லில் இருப்பது என்ன என்று ருசுவாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கல்லை ஜெயம்மா முன்னால் வைத்தார்.

“இரும்பு கலந்த கல்லுங்க அத்தை. மிஷின் புடிச்சி இழுத்துச்சு. ரெண்டு கையால பிடுங்கிக்கினு வந்தேன்.”

ஜெயம்மா கல்லை முந்தானையால் துடைத்தார்.

“தங்கம்னா மிஷினுக்கும் ஆசை இருக்காதா மாப்ள. வுட்டுக்குடுக்காம கொண்ணாந்துட்டீங்களே. உக்காருங்க, சாப்புடுங்க.”

விளக்கம் சொல்ல ஆனந்தன் வாயைத் திறந்தார். அதற்குள் மாமியார் கையாலேயே தட்டில் கறி விழுந்தது.

“ஆமாங்க அத்தை” என்றார் அவர். “ரொம்பத்தான் ஆசைப்பட்டுச்சு.”