பெயர் சொன்னால் வரும்

பிரகதீஸ்வரிக்குப் பதினெட்டு வருடமாக ஒரே வேலை. நெல்லின் ஈரத்தை அளக்கும் கருவிக்கு, தஞ்சாவூர் கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதுவது. வியாபாரிகள் நெல் வாங்கும் களத்தில் அந்தக் கருவி சொன்னதுதான் தீர்ப்பு. ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் விலை விழுந்துவிடும்.

புரோகிராமைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைப்பாள். எங்கே தப்பு என்று பார்க்க, ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். 'ஈரம்' என்று அடித்தால் அது மட்டும் ஓடி வந்து பதில் சொல்லும். அந்த ஆபீசில் அவள் கூப்பிட்ட குரலுக்கு வருபவை அவை மட்டும்தான்.

அறுவடை நேரத்தில் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தம்பி தமிழரசன் போன் செய்தான்.

"மூணு நாளா ரோட்டுல காய வச்சுட்டேன்க்கா. மெஷின் பத்தொம்பதுலயே நிக்குது."

களத்து மெஷின் அவன் நெல்லில் எடுத்த அளவு ஆபீஸ் சர்வரில் வந்திருந்தது. அதைக் கொடுத்து 'ஈரம்' என்று கூப்பிட்டாள்: பதினாறு. 'வெப்பம்' என்று கூப்பிட்டாள்: குறையில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பத்தொன்பது. வரி வரியாகத் தேடியதில் அவள் வைக்காத பெயர் ஒன்று அகப்பட்டது: 'நியாயம்'. அதையும் கூப்பிட்டாள். கொடுத்த எண்ணோடு மூன்றைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றது. பெயர் வைத்தவனின் கொழுப்பைப் பாருங்கள்!

மேனேஜர் செந்தில்குமாரிடம் போய்க் காட்டினாள். அவர் அசரவில்லை.

"மெஷினை வாங்குறது வியாபாரிங்க, விவசாயி இல்ல. புரோகிராமுக்கு மேல எழுதுனவங்க பேர் போட்டிருக்கே, பாத்தீங்களா?"

பார்த்தாள். பிரகதீஸ்வரி என்றிருந்தது.

"வெளிய சொன்னா யார் மாட்டுவாங்கன்னு யோசிச்சுக்குங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. நாற்பத்தாறு வயதில் இனி யார் வேலை தருவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெட்கமாக இருந்தது, இருந்தும் உட்கார்ந்துதான் இருந்தாள்.

சாயங்காலம் தமிழரசன் மறுபடி அழைத்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டான்.

"மெஷின் ஏமாத்துதுன்னு களத்துல ஒரே சண்டைக்கா. நான்தான் அடக்குனேன். எங்கக்கா எழுதுனதுடா, பொய் சொல்லாதுன்னேன். இன்னும் ஒரு நாள் காய வச்சுப் பாக்குறேன்."

"ம்" என்றாள்.

மறுநாள் அவன் நெல்லை ரோட்டில் பரப்பி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது.